கிற்றாரின்ர சாமான்களை மாத்திறது, மினக்கெட்டதுக்குப் பிரயோசனம் வருமோ?

கேட்டவர் எழுதினது சுருக்கமா இதுதான். கையிலை விலை குறைஞ்ச ஸ்ட்ராட் மொடல் (ஃபெண்டர் கொம்பனியின்ர ஸ்ட்ராட்டோகாஸ்ரர் மாதிரி) எலெக்ட்ரிக் கிற்றார் ஒண்டு இருக்கு, சேர்ச் குவாயருக்கு வாசிக்கிறார், ரெண்டு பாட்டு முடிய முதல் சுருதி விலகுது, சவுண்டும் உயிரில்லாமல் இருக்கு. கனடாவிலை இருக்கிற மாமா பிரிட்ஜ் (உடம்பிலை கம்பியைத் தாங்கிற பகுதி), ரியூனர் (தலையிலை கம்பி முறுக்கிற குமிழ்), பிக்கப் (கம்பியின்ர அசைவைச் சிக்னலாக்கிற காந்தச் சுருள்) எல்லாம் வாங்கி அனுப்பிறன் எண்டுறாராம், அதுகளை மாத்தினால் பிரயோசனமோ இல்லாட்டிக் காசைச் சேத்து வேற கிற்றார் வாங்கிறதோ எண்டு கேட்டிருக்கிறார். பாத்தால் சாமான் மாத்திறதைப் பற்றின கேள்வி மாதிரித்தான் இருக்கு. ஆனா வடிவா வாசிச்சால் அவருக்கு இருக்கிறது ரெண்டு குறை, சுருதி நிக்கேல்லை, சவுண்ட் நல்லா இல்லை. இந்த ரெண்டுக்கும் காரணம் அந்தச் சாமான்கள்தானோ எண்டு இன்னும் ஒருத்தரும் பாக்கேல்லை. அதைப் பாக்காமல் ஓடர் பண்ணினால் காசும் போகும், குறையும் அப்பிடியே இருக்கும், அதாலைதான் இவ்வளவு நீளமா எழுதிறன்.

நான் யாழ்ப்பாணத்திலை கனகாலமா கிற்றாரும் அம்ப்பும் திருத்திறன். திருவிழாக்களுக்கு வாசிக்கிற இசைக்குழுக்காரரும் சேர்ச் பெடியளும்தான் கூட வாறவை. உங்கட கிற்றாரை நான் கையிலை எடுத்துப் பாக்கேல்லை, அதாலை இதுதான் பழுது எண்டு இஞ்ச இருந்து அடிச்சுச் சொல்ல மாட்டன், எப்பிடிக் கண்டுபிடிக்கிறது எண்டு மட்டும் சொல்லலாம்.

முதல் சுருதி. சுருதி விலகுது எண்டவுடனை எல்லாரும் ரியூனரைத்தான் பாப்பினம், கையாலை முறுக்கிறது அதுதானே. ஆனா ரியூனருக்குள்ள இருக்கிறது வோர்ம் கியர், நீங்கள் குமிழைத் திருப்பினால் கம்பி இறுகும், ஆனா கம்பி இழுத்து குமிழ் தானாத் திரும்பாது, அந்தக் கியரின்ர அமைப்பே அப்பிடி. பல்லுத் தேஞ்சு ஆட்டம் வந்த ரியூனர் கூட, எப்பவும் கீழையிருந்து மேல ஏத்தி நிப்பாட்டினால் பெரும்பாலும் நிக்கும். அதாலை ரியூனர் மாத்தினவுடனை எல்லாம் சரியாகும் எண்டு நம்பாதேங்கோ. கம்பி விலகிறதுக்குக் கூடுதலாக் காரணம் கம்பி போட்ட விதம், நட் (நெக்கின்ர தலைப்பக்கம் கம்பி போற பள்ளங்கள் உள்ள சின்னத் துண்டு), பிறகு ட்ரெமலோ (பாரை அமத்தினால் பிரிட்ஜை அசைச்சுச் சுருதியை ஆட்டிற அமைப்பு), இந்த மூண்டும்தான். புதுக் கம்பி போட்டால் ஒவ்வொண்டையும் கையாலை மெல்ல இழுத்து இழுத்து திருப்பி சுருதி சேக்கவேணும், இறங்காமல் நிக்கிறமட்டும். ரியூனரிலை கம்பி சுத்திற தண்டிலை ரெண்டு மூண்டு சுத்து காணும், ஏழு எட்டுச் சுத்து சுத்தி வைச்சிருந்தால் அந்தச் சுத்தெல்லாம் இறுகி முடியிறமட்டும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நட்டைச் சோதிக்கிறதுக்கு ஒரு காசும் தேவையில்லை. மூண்டாவது கம்பியை சுருதி சேத்துப்போட்டு 12ஆம் ஃபிரெட்டிலை (நெக்கிலை குறுக்காப் பதிச்ச உலோகக் கீற்றுத்தான் ஃபிரெட்) நல்லா பென்ட் பண்ணி, அதாவது கம்பியைப் பக்கவாட்டிலை தள்ளி, விடுங்கோ, விட்டாப்பிறகு ஃபோனிலை சுருதி பாக்கிற அப்பிலை சுருதி இறங்கியிருந்தால் நட்டுக்கும் ரியூனருக்கும் இடையிலை இருக்கிற கம்பியை விரலாலை ஒருக்கா அமத்திப் பாருங்கோ, அமத்தினவுடனை சுருதி திரும்ப ஏறிச்செண்டால் கம்பி நட்டிலை சிக்கிக்கொண்டு நிண்டிருக்கு எண்டு அர்த்தம். ட்ரெமலோ பாரை அமத்தி விட்டாப்பிறகு சுருதி ஏறி நிக்குதெண்டாலும் அதே சிக்கல்தான், எதிர்ப்பக்கமா நடக்குது, அவ்வளவுதான். முறுக்கேக்கை 'டிக்' எண்டு ஒரு சின்னச் சத்தம் கேக்கும், அதுவும் இதுதான். 9 செற்றுக்கு (ஆக மெல்லிய கம்பி 0.009 இஞ்சி) வெட்டின நட்டிலை 10 செற் (0.010 இஞ்சி) போட்டால் தடிச்ச கம்பி இறுக்கமா நிக்கும், இது நான் அடிக்கடி காணுறது. உடனடி வைத்தியம் பென்சில் கரி, பள்ளத்துக்குள்ள கூர்ப் பென்சிலாலை நல்லாத் தேய்ச்சு விட்டால் கம்பி வழுக்கும். நிரந்தரமெண்டால் அளவான அரத்தாலை பள்ளத்தைச் சீராக்கிறது, இல்லாட்டி நட்டையே மாத்திறது.

நட்டிலை இன்னொரு விசயமும் இருக்கு, கனபேர் கவனிக்கிறேல்லை. விலை குறைஞ்ச கிற்றார் நிறையவிலை நட்டின்ர பள்ளம் ஆழம் காணாமல் இருக்கும். கம்பியை 3ஆம் ஃபிரெட்டிலை அமத்திப்போட்டு 1ஆம் ஃபிரெட்டுக்கு மேல பாருங்கோ, மயிரிழை அளவு இடைவெளிதான் இருக்கவேணும். அதை விடக் கூட இருந்தால் முதல் ரெண்டு மூண்டு ஃபிரெட்டிலை நீங்கள் விரலாலை அமத்திற ஒவ்வொரு சுரமும் கொஞ்சம் ஏறித்தான் ஒலிக்கும், ஏனெண்டால் அவ்வளவு தூரம் கம்பியை இழுத்துத்தான் அமத்திறியள். திறந்த கம்பி எல்லாம் சுருதியிலை இருக்கும், எஃப் கோர்ட் பிடிச்சால் கசக்கும். அதை சுருதி விலகுது எண்டு நினைச்சு முறுக்கிக்கொண்டே இருப்பினம், முறுக்க முறுக்க இன்னும் பிழைக்கும். இதுக்கு ரியூனர் மாத்தி ஒரு பிரயோசனமும் இல்லை. என்னைக் கேட்டால் முழுக் கிற்றாரிலையும் காசுக்கு மிஞ்சின பலன் தாற மாத்தம் நட்தான், மாட்டெலும்பிலையோ கிராஃபைற் கலந்த பிளாஸ்ரிக்கிலையோ ஒண்டை அளவுக்கு வெட்டிப் பூட்டினால் கை உடனை உணரும். ஆனா நட் வெட்டிறது பொறுமையான வேலை, பள்ளம் ஒருக்கா ஆழமாப் போச்செண்டால் அந்த நட் முடிஞ்சுது. தெரிஞ்ச ஒருத்தரிட்டைக் குடுங்கோ.

ட்ரெமலோவுக்கு வருவம். குவாயர் பாட்டுக்கு பார் பாவிக்கிறியளோ? நான் பாத்தவரை கனபேர் பாரைக் கழட்டி பாக்குக்குள்ள போட்டுட்டு அதை மறந்துபோடுவினம். அப்பிடியெண்டால் பின்பக்க மூடியைக் கழட்டி ஸ்பிரிங் பிடிக்கிற ரெண்டு ஸ்குரூவையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, பிரிட்ஜ் பிளேற் உடம்போடை ஒட்டி நிக்கிற மாதிரி வைச்சு விடுங்கோ, தேவையெண்டால் இன்னும் ஒண்டு ரெண்டு ஸ்பிரிங் சேக்கலாம். ஒரு கம்பி அறுந்தாலும் மற்றக் கம்பியள் சுருதியிலை நிக்கும், சபைக்கு முன்னாலை வாசிக்கிறவைக்கு அது பெரிய விசயம். பார் வேணுமெண்டால் முன்பக்க ஆறு ஸ்குரூவையும் பாக்கவேணும், ஆறும் இறுக்கி அடிச்சிருந்தால் பிளேற் அசைஞ்சு சரியான இடத்துக்குத் திரும்பி வராது, கொஞ்சம் தளத்தி விடோணும்.

இவ்வளவும் செய்ய சாமான் ஒண்டும் வாங்கத் தேவையில்லை. இதுகளோடை நெக்கின்ர வளைவு, கம்பியின்ர உயரம், இன்ரொனேசன் (மேல் ஃபிரெட்டுகளிலையும் சுரம் சரியா வாறது) மூண்டையும் பாத்தால் அதுதான் செற்றப். ஃபெண்டர் கொம்பனி தங்கட 9.5 இஞ்சி ரேடியஸ் (விரல் பலகையின்ர குறுக்கு வளைவு) நெக்குகளுக்குச் சொல்லுற அளவு, முதல் ஃபிரெட்டையும் கடைசி ஃபிரெட்டையும் அமத்தினால் 8ஆம் ஃபிரெட்டிலை 0.25 மில்லிமீற்றர் இடைவெளி, 17ஆம் ஃபிரெட்டிலை கம்பி உயரம் 1.6 மில்லிமீற்றர் அளவு. அது தொடங்கிறதுக்கு ஒரு இடம், பிறகு உங்கட கைக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். நெக்கின்ர வளைவைச் சரிப்பண்ணிற, அதுக்குள்ள இருக்கிற இரும்புத் தண்டை, அதாவது ட்ரஸ் ரொட்டை, ஒரு தரத்திலை கால் சுத்துக்கு மேல திருப்பாதேங்கோ, பலத்தைக் குடுத்துத் திருப்பவே வேண்டாம். இஞ்ச மாரியிலை வாடைக்காத்தும் மழையும் வந்தால் மரம் ஈரத்தை எடுக்கும், சித்திரை வெயிலுக்கும் சோளகத்துக்கும் காஞ்சு ஃபிரெட் நுனி கையிலை கீறும், அதாலை ஒருக்கா செற்றப் பண்ணினால் காலத்துக்கும் காணும் எண்டு இல்லை, மாரிக்கொருக்கா கோடைக்கொருக்கா பாத்துக்கொள்ளவேணும்.

இப்ப சவுண்ட். இதிலைதான் நான் ஒரு கேள்வி திருப்பிக் கேக்கவேணும், கிற்றாரை எதுக்குள்ள குத்திறியள்? இஞ்ச நிறையச் சேர்ச்சிலையும் மண்டபத்திலையும் அம்ப் வைக்கிறேல்லை, கிற்றார் வயரைக் கொண்டுபோய் நேரா மிக்சரின்ர லைன் இன்புட்டிலை குத்திப்போடுவினம். எலெக்ட்ரிக் கிற்றாரின்ர பிக்கப் மெல்லிய சிக்னல்தான் குடுக்கும், அதுக்கு எதிரை 1 மெகாஓம் அளவு இன்புட் வேணும், கிற்றார் அம்ப்பிலை இருக்கிறது அதுதான். மிக்சரின்ர லைன் இன்புட் வழமையா 10, 20 கிலோஓம் அளவுதான், அது பிக்கப்பை அமத்திப் பிடிச்சு மேல் சுரங்களைச் சாப்பிட்டுவிடும், சத்தமும் குறையும். அதை விட கிற்றார் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்சுக்கு மேல பெரிசா ஒண்டும் எடுக்காது, நாங்கள் கிற்றார் சவுண்ட் எண்டு காதிலை பழகி வைச்சிருக்கிறது அந்த ஸ்பீக்கராலை வெட்டுப்பட்ட சவுண்டைத்தான். டிஸ்ரோசன் பெடலை நேரா பிஏக்கு, அதாவது மண்டபத்து ஸ்பீக்கருக்குக் குடுத்தால் தகரம் கீறின மாதிரிக் கேக்கிறது அதாலைதான். உங்கட கதை இதுவெண்டால் உலகத்திலை எந்தப் பிக்கப்பைப் போட்டாலும் உயிர் வராது. ஒரு டிஐ பொக்ஸ் (கிற்றார் சிக்னலை மிக்சருக்கு ஏத்த மாதிரி மாத்திற சின்னப் பெட்டி), இல்லாட்டி கபினெற் சிமுலேசன் (கிற்றார் ஸ்பீக்கர் மாதிரிச் சவுண்டை வெட்டிற வசதி) உள்ள சின்ன மல்ரி எஃபெக்ற் பெடல் ஒண்டை நடுவிலை போடுங்கோ, மாமா பிக்கப்புக்கு வைச்சிருக்கிற காசிலை அதைத்தான் முதல் வாங்கச் சொல்லுவன். வயரின்ர நீளமும் கணக்கு, மீற்றருக்கு 100 பிக்கோஃபரட் அளவிலை கூடிக்கொண்டு போகும், நீளமான மலிஞ்ச வயர் பளபளப்பைக் குறைச்சுப்போடும்.

இந்த இடத்திலை ஒண்டு, இது சவுண்ட் விசயம் இல்லை, உயிர் விசயம். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறையுதெண்டால் அது வழமை, கம்பிக்கு கிறவுண்ட் வயர் போயிருக்கு, பயப்பிடத் தேவையில்லை. ஆனா கம்பியிலை கை இருக்கேக்கை சொண்டு மைக்கிலை பட்டு ஷொக் அடிக்குதெண்டால் அது கிற்றாரின்ர பிழை இல்லை, கட்டிடத்தின்ர எர்த் பிழை, இல்லாட்டி அம்ப்பிலை பிழை. இரைச்சலைக் குறைக்கவெண்டு பிளக்கின்ர எர்த் பின்னைக் கழட்டிற பழக்கம் சிலரிட்டை இருக்கு, தயவுசெய்து அதைச் செய்யாதேங்கோ, 230 வோல்ற் உங்கட நெஞ்சுக்குள்ளாலை போக வழி விட்டுக்குடுக்கிற வேலை அது. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிச்சாப்பிறகுதான் வாசிக்கவேணும், பூசை ஒருநாள் கிற்றார் இல்லாமல் நடக்கலாம்.

பிக்கப்புக்கு வாறன். சவுண்டை உண்மையா மாத்திற சாமான் எண்டு சந்தேகமில்லாமல் சொல்லக்கூடியது கிற்றாருக்குள்ள பிக்கப்தான். விலை குறைஞ்ச ஸ்ட்ராட் மொடல் கனக்கவிலை இரும்புக் குத்தியளுக்குக் கீழை செராமிக் காந்தம் ஒட்டியிருக்கும், பழைய முறைப் பிக்கப்பிலை குத்தியே அல்நிகோ காந்தம், ரெண்டும் வேற வேற மாதிரித்தான் ஒலிக்கும். வேற எண்டுதான் சொல்லுறன், ஒண்டு கூடாது எண்டு சொல்லேல்லை. மாத்த முதல் உயரத்தைப் பாருங்கோ, கடைசி ஃபிரெட்டிலை கம்பியை அமத்திக்கொண்டு பிக்கப்புக்கும் கம்பிக்கும் இடையிலை தடிச்ச பக்கம் 2.4, மெல்லிய பக்கம் 2 மில்லிமீற்றர் அளவிலை தொடங்கலாம். காந்தம் நல்லாக் கிட்ட இருந்தால் கம்பியை இழுத்துப் பிடிச்சு சுரத்தையே குழப்பும், அதையும் ஆக்கள் சுருதிப் பிழை எண்டு நினைக்கிறவை. அரை மணித்தியாலம் ஸ்குரூ ட்ரைவரோடை இருந்தால் அரைவாசிப்பேருக்கு புதுப் பிக்கப் தேவைப்படாது எண்டுதான் நான் நினைக்கிறன். சிங்கிள் கொயில், அதாவது ஒரு சுருள் மட்டும் உள்ள பிக்கப்பின்ர 50 ஹேர்ட்ஸ் இரைச்சலுக்கு செம்பு ரேப் ஒட்டினால் எல்லாம் போயிடும் எண்டு சொல்லுவினம், அரைவாசிதான் உண்மை. ரியூப் லைற், டிமர் மாதிரிச் சாமான்களிலை இருந்து வாற கீச்சிரைச்சலைக் குறைக்கும், ஆனா ட்ரான்ஸ்ஃபோமரிலை இருந்து வாற காந்தப்புல ஹம்மை செம்பு ரேப் மறிக்காது, அதுக்கு ஹம்பக்கர் மாதிரி ரெண்டு கொயில் தேவை. வொலியூம் கொன்ரோல் கரகரக்குதெண்டால் முதல் கொன்ராக்ற் கிளீனர் அடிச்சுப் பாருங்கோ, சரிவராட்டி நல்ல பொட் (குமிழுக்குக் கீழை இருக்கிற கொன்ரோல்) ஒண்டு போடுங்கோ, சிங்கிள் கொயிலுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு 500 கே. ஜக், சுவிட்ச், பொட் மூண்டும் மாத்தினால் சவுண்ட் பெரிசா மாறாது, ஆனா பாட்டின்ர நடுவிலை சத்தம் நிண்டுபோகாது, எனக்கு அதுதான் பெரிசு. ரோன் கப்பாசிற்றரிலை 0.022 மைக்ரோஃபரட்டோ 0.047 மைக்ரோஃபரட்டோ எண்ட அளவுதான் கணக்கு. அளவு ஒண்டெண்டால் பழைய எண்ணெய் கப்பாசிற்றருக்கும் சாதாரண பிளாஸ்ரிக் கப்பாசிற்றருக்கும் காதுக்கு வித்தியாசம் இல்லை, அதுக்குக் கூடின விலை குடுக்காதேங்கோ.

அடுத்தது சந்தேகமான பகுதி. ட்ரெமலோ புளொக்கை (பிரிட்ஜுக்குக் கீழை ஸ்பிரிங் கொழுவிற பாரமான கட்டி) துத்தநாகக் கலவையிலை இருந்து இரும்புக்கு மாத்தினால், சடிலை (பிரிட்ஜிலை ஒவ்வொரு கம்பியும் தங்கிற சின்னத் துண்டு) பித்தளைக்கு மாத்தினால் நாதம் கூட நேரம் நிக்கும், ரோன் திறக்கும் எண்டு சொல்லுவினம். பாரமான பிரிட்ஜ் குறைவா அசையும், அதாலை கம்பியின்ர சக்தி குறைவா வீணாகும், நியாயம் இருக்கு. ஆனா மாத்திறவை எல்லாரும் புளொக்கோடை சேத்து புதுக் கம்பியும் போட்டு, செற்றப்பும் பண்ணித்தான் வாசிச்சுப் பாக்கினம், பிறகு அந்த வித்தியாசத்திலை எவ்வளவு புளொக்கின்ரை எவ்வளவு கம்பியின்ரை எண்டு எப்பிடிப் பிரிக்கிறது? அமெரிக்காவிலை ஒரு கிற்றார்காரர் உடம்பே இல்லாமல் ரெண்டு மேசைக்கு நடுவிலை கம்பியை இழுத்துக் கட்டி, கீழை பிக்கப் வைச்சு வாசிச்சு யூடியூப்பிலை போட்டார், நல்ல கிற்றார் ஒண்டின்ர சவுண்டுக்கு நம்பேலாத அளவு கிட்ட வந்தது. அது ஒரு ஆளின்ர பரிசோதனைதான், எல்லாத்தையும் முடிச்சு வைச்ச ஆய்வு எண்டு சொல்ல மாட்டன். இருந்தாலும் புளொக், சடில், மரம் எண்டு காசு செலவழிக்க முதல் அதை நினைக்கவேணும். நான் புளொக் மாத்திக் குடுத்த ஆக்கள் சந்தோசமாத்தான் போனவை, ஆனா அந்தச் சந்தோசத்தை நான் சாட்சியா எடுக்கேல்லை.

பிரிட்ஜை மாத்திறதுக்கு எங்கட ஊரிலை வேற ஒரு நல்ல காரணம் இருக்கு, அது உப்புக்காத்து. குருநகர், பாசையூர், தீவுப்பக்கம் இருந்து வாற கிற்றார்களிலை சடிலின்ர சின்ன உயரச் ஸ்குரூவெல்லாம் துருப்பிடிச்சு உறைஞ்சு போயிருக்கும், திருப்பினால் தலை உருளும், பிறகு உயரம் சரிப்பண்ணவே ஏலாது. அப்பிடி வந்திட்டால் ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் சடிலுக்கோ முழுப் பிரிட்ஜுக்கோ குடுக்கிற காசு வீண் இல்லை. இன்னும் உறையேல்லை எண்டால் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு முன்னுக்குப் பின்னுக்குத் திருப்பி வையுங்கோ, ஸ்குரூவை மட்டும் ஸ்ரெயின்லெஸ்ஸுக்கு மாத்தினாலும் காணும். வாசிச்சு முடிய கம்பியைத் துடைக்கிறது, கோட்டிங் உள்ள கம்பி போடுறது, இதுகள் இஞ்ச உண்மையாவே நாள் கணக்கிலை வித்தியாசம் காட்டும்.

மாத்தத்தான் போறியளெண்டால் அளவெடுக்காமல் ஒண்டும் ஓடர் பண்ணாதேங்கோ. கனடாவிலை இருந்து வந்த சாமான் பொருந்தாட்டி திருப்பி அனுப்பிற செலவு சாமானின்ர விலையைத் தாண்டும். பழைய முறை ஸ்ட்ராட் பிரிட்ஜிலை வெளி ரெண்டு ஸ்குரூவுக்கும் இடையிலை 56 மில்லிமீற்றர் அளவு, விலை குறைஞ்ச மொடல் கனக்கவிலை 52.5, ரெண்டும் ஒண்டுக்கொண்டு போகாது, ஓட்டையை அடைச்சுத் திருப்பித் துளைக்கவேணும். மெல்லிய உடம்பெண்டால் முழு நீளப் புளொக் பின்பக்கத்தாலை வெளியிலை நீட்டிக்கொண்டு நிக்கும். ரியூனர் ஓட்டை 10 மில்லிமீற்றரோ அதிலும் சின்னனோ எண்டு பாக்கவேணும், அமெரிக்கப் பொட்டின்ர கழுத்து பெரிசு, பிக்கார்டிலை (பிக்கப்பும் குமிழும் பூட்டியிருக்கிற முன்பக்கத் தகடு) இருக்கிற சின்ன ஓட்டைக்குள்ள போகாது, குமிழும் பொருந்தாது. கழட்டிற பழைய சாமான் எல்லாத்தையும் ஒரு பையிலை போட்டு வையுங்கோ, விக்கேக்கை புதுச் சாமானுக்குக் குடுத்த காசு திரும்ப வராது, பழசைப் பூட்டி வித்துப்போட்டு புதுசை அடுத்த கிற்றாருக்கு எடுக்கலாம். உடம்பை வெட்டித்தான் பூட்டவேணும் எண்ட ஃபுளொயிட் ரோஸ் (கம்பியைப் பூட்டி வைக்கிற ஒரு வகை ட்ரெமலோ) மாதிரி வேலையளை இந்தக் கிற்றாரிலை செய்யாதேங்கோ, வெட்டின மரத்தைத் திருப்பி ஒட்டேலாது.

கழட்டிப் பூட்டிறது இந்தக் கிற்றாருக்கு விரோதமான விசயம் எண்டு நான் சொல்ல வரேல்லை. 1954இலை ஸ்ட்ராட்டைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர் ரேடியோ திருத்தினவர், அவருக்கு கிற்றார் வாசிக்கவே தெரியாது, நெக்கைக் கூட ஸ்குரூவிலை பூட்டினது பழுதானால் கழட்டி மாத்தலாம் எண்டதுக்குத்தான். குயின் இசைக்குழுவின்ர கிற்றார்காரர் பிரையன் மே 1963இலை தகப்பனோடை சேந்து கட்டத் தொடங்கின கிற்றாரின்ர ட்ரெமலோவிலை இருக்கிறது பழைய கத்தி விளிம்பு ஒண்டும் மோட்டசைக்கிள் வால்வு ஸ்பிரிங்கும். அந்தக் கத்தி விளிம்பு ஏனெண்டு யோசிச்சுப் பாருங்கோ, பிரிட்ஜ் உரசாமல் அசைஞ்சு அதே இடத்துக்குத் திரும்பி வரவேணும், நான் மேல நட்டுக்கும் ஆறு ஸ்குரூவுக்கும் சொன்னதும் அதே உரசல் பிரச்சினைதான். அவை எந்த இடம் உரசுது எண்டு விளங்கிக்கொண்டு அந்த இடத்துக்கு மினக்கெட்டவை.

வேற கிற்றார் வாங்கிறதோ எண்ட கேள்விக்கு நெக்தான் பதில் சொல்லும். நெக் முறுகாமல், ட்ரஸ் ரொட் வேலை செய்து, ஃபிரெட்டிலை பள்ளம் விழாமல், உங்கட கைக்குச் சுகமா இருந்தால் இந்தக் கிற்றாருக்குக் காசு போடலாம். நெக் முறுகியிருந்தால் ஒரு ரூபாவும் போடாதேங்கோ, மாமாவின்ர காசைச் சேத்து வையுங்கோ. புதுசா வாங்கிற கிற்றாருக்கும் நட்டும் செற்றப்பும் பாக்கத்தான் வேணும், அந்தச் செலவையும் கணக்கிலை எடுங்கோ.

தம்பி, மாமாட்டை இப்போதைக்கு பிரிட்ஜையும் ரியூனரையும் பிக்கப்பையும் விட்டுட்டு கோட்டிங் உள்ள 9 செற்றோ 10 செற்றோ ரெண்டு மூண்டு, எலும்பு நட் வெட்டாதது ஒண்டு, ஸ்ரெயின்லெஸ் சடில் ஸ்குரூ ஒரு பக்கெற், அதுக்குப் பொருந்திற அலன் கீ, இம்போட் மொடலெண்டால் அது வழமையா 1.5 மில்லிமீற்றர், பிறகு மிக்சருக்குக் குத்திறியளெண்டால் டிஐ பொக்ஸ், இவ்வளவும் கேளுங்கோ. அதுகள் வந்து சேரமுதல் மேல சொன்ன பென்ட் சோதனையையும் 3ஆம் ஃபிரெட் சோதனையையும் செய்து ஆறு கம்பிக்கும் என்ன வந்ததெண்டு கீழை எழுதுங்கோ, நெக்கை நுனியிலை இருந்து பாத்த படமும் பின்பக்க ஸ்பிரிங்கின்ர படமும் போடுங்கோ, நட்டை மாத்திறதோ அரத்தாலை சரிப்பண்ணினால் காணுமோ எண்டு அதைப் பாத்துச் சொல்லுறன்.